வைத்தியத்திலும் வருணாசிரமமா?

வைத்தியப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருக்கின்ற பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும், அந்த வருஷம் முழுவதும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு இருக்கின்றார்கள். அது என்னவென்றால், "எந்தப் பிரிவுக்குப் போவது?" என்பதேயாகும். விருப்பப் பாடமாக எதை எடுப்பது, பயிற்சி வருஷத்தில் எந்த வார்டில் மனம் வைத்து வேலை கற்பது, எந்த வார்டுக்குப் பேருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது, பின்னால் எந்த மேல்படிப்பு என்பவையெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியவைதான். இது அந்தந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம், இதில் ஊரார் தலையிட என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு டாக்டர் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருகின்றார், எதைக் கற்காமல் வெளியே வருகின்றார் என்பதில் ஊராருடைய உயிர் அடங்கி இருக்கின்றது. ஆதலால் இது ஊரார் விஷயமேயாகும்.

இதை எழுத வேண்டிய அவசியம் நமக்குப் பொம்மையார்பாளையத்தில் ஏற்பட்டது. புதுச்சேரியிலிருந்து வடக்கே கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம், முதலியார்சாவடிகளைத் தாண்டினால் வருகின்ற ஊர் அது. விழுப்புரம் ஜில்லா, வானூர் தாலுகாவைச் சேர்ந்தது. புதுச்சேரியில் துறைமுகக் கரங்களைக் கடலுக்குள் கட்டியது முதல் வடக்கே போக வேண்டிய மணல் போகாமல், அலை அந்த ஊர் நிலத்தைத் தின்றுகொண்டு வருகின்றது. அங்கே நாம் ஒரு கூட்டத்தில் பேசி முடித்து டீக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, மீன்பிடித் தொழில் செய்கின்ற ஒரு பெரியவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். மகள் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து, வைத்தியக் கல்லூரியில் இடம் வாங்கி, இப்போது கடைசி வருஷத்தில் இருக்கின்றவர். பெரியவர் இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு கடுதாசியை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

"ஐயா, நீங்க நாலு ஊர் போறவங்க. இத்தப் படிச்சுப் பார்த்துட்டு, எம் பொண்ணு எதுக்குப் போவலாம்னு சொல்லுங்க" என்றார்.

படித்துப் பார்த்தோம். அது ஒரு ஜோசியர் எழுதிக் கொடுத்த கடுதாசி. பெண்ணின் ஜாதகத்தில் செவ்வாய் பலமில்லையாம். ஆதலால் கத்தி பிடிக்கின்ற வேலை ஆகாதாம். ரத்தம் சம்பந்தப்பட்டதும் ஆகாதாம். ஒளி சம்பந்தப்பட்ட தொழில் உத்தமமாம். ஒளி என்றால் என்ன என்று கேட்டோம். ஸ்கேன், எக்ஸ்ரே எடுக்கின்ற பிரிவுதான் அது என்று பட்டணத்தில் இருக்கின்ற ஒரு சொந்தக்காரர் வியாக்கியானம் செய்தாராம். எந்தப் பிரிவில் வரும்படி அதிகம் என்பது கிரகங்களுக்குக்கூட நன்றாய்த் தெரிந்திருக்கின்றது! எந்த ஜோசியராவது, "உன் மகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்று குரு சொல்லுகின்றார்" என்று எழுதிக் கொடுத்ததாய் யாராவது கேள்விப்பட்டதுண்டா?

நாம் அந்தப் பெரியவரை ஒரு கேள்வி கேட்டோம். "மத்தி மீனுக்கு ஒரு வலையும், வஞ்சிரத்துக்கு ஒரு வலையும் எடுத்துப் போகின்றீர்களே, அதை எந்த ஜோசியரைக் கேட்டு எடுத்துப் போகின்றீர்கள்? நடுக்கடலில் படகு இஞ்சின் நின்றுவிட்டால் செவ்வாய் எங்கே இருக்கின்றது என்று பார்ப்பீர்களா, டீசல் குழாயில் அடைப்பு இருக்கின்றதா என்று பார்ப்பீர்களா?" என்றோம். பெரியவர் சிரித்தார். "அது தொழிலாச்சே ஐயா" என்றார். நாம் சொல்லுவதும் அதுவேதான். வைத்தியமும் தொழில்தான். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வலை எடுக்கின்ற அறிவு இருக்கின்ற மனிதர், மகளுடைய தொழில் என்று வருகின்றபோது அந்த அறிவைக் கரையிலேயே வைத்துவிட்டு வருவானேன் என்பதுதான் நம்முடைய கேள்வி.

நிற்க. ஜோசியரை மாத்திரம் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. ஜாதகத்தைக் கையால் தொடாத படித்த குடும்பங்களிலும், கல்லூரி விடுதிகளிலும் வேறொரு ஜாதகம் நடமாடுகின்றது. அதுதான் பிரிவுகளுக்குள் இருக்கின்ற உயர்வு தாழ்வு. மேல்படிப்புக்குக் கலந்தாய்வு நடக்கின்றபோது எந்த இடங்கள் முதலில் தீர்ந்துபோகின்றன, எந்த இடங்கள் கடைசி வரையில் காலியாய்க் கிடக்கின்றன என்று பார்த்தால் அது விளங்கும். ஸ்கேன் பிரிவும் தோல் வைத்தியமும் முதலில் பறக்கின்றன. சமூக மருத்துவமும், தடயவியல் மருத்துவமும், உடற்கூறும் கேட்பாரற்று நிற்கின்றன.

இந்த வரிசை எதனால் ஏற்பட்டது? வரும்படியினால் என்பார்கள். பாதி உண்மைதான். மற்ற பாதி எங்கிருந்து வந்தது என்று நாம் சொல்லுகின்றோம். இந்த நாட்டில் எவன் ஒன்றையும் தொடாமல் இருக்கின்றானோ அவன் மேல். எவன் ரத்தத்தையும், சீழையும், பிணத்தையும் தொடுகின்றானோ அவன் கீழ். இதுதான் ஆயிரக்கணக்கான வருஷத்து ஏற்பாடு. பிரசவம் பார்த்தவள் நாவிதர் வீட்டு மருத்துவச்சி. கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தவரும் அந்த வீட்டு மனிதர்தான். பிள்ளை பிறக்கின்றபோது அவளைக் கெஞ்சிக் கூப்பிட்டார்கள். பிள்ளை பிறந்த பிறகு அவளைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தினார்கள். பிணத்தைத் தொட்டவரைச் சுடுகாட்டோடு நிறுத்தினார்கள். இன்றைக்கு என்ன நடக்கின்றது? பிரசவ வார்டில் ராத்திரியெல்லாம் நிற்கின்ற டாக்டரைப் பார்த்துப் பரிதாபப்படுகின்றார்கள். பிரேதப் பரிசோதனை செய்கின்ற டாக்டருக்குப் பெண் கொடுக்க யோசிக்கின்றார்கள். தெருத் தெருவாய்ப் போய்க் காய்ச்சல் கணக்கு எடுக்கின்ற டாக்டரை "வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்கின்றார்கள். குளிர் அறையில் உட்கார்ந்து, நோயாளியைத் தொடாமல் சம்பாதிக்கின்றவருக்கு முதல் தாம்பூலம் கொடுக்கின்றார்கள். மனு எழுதி வைத்ததை ஆஸ்பத்திரிக்குள் யார் கொண்டுபோய் மாட்டினார்கள் என்று கேட்கின்றோம்.

ஸ்கேன் பிரிவு வேண்டாத பிரிவு என்று நாம் சொன்னதாய் யாரும் திரித்துக்கொள்ள வேண்டாம். வயிற்றுக்குள் இருக்கின்ற கட்டியைக் கத்தி வைக்காமல் காட்டுகின்ற வித்தை மனித அறிவின் பெருமைகளில் ஒன்றாகும். தோல் வைத்தியர்தான் குஷ்டத்தை முதல் புள்ளியிலேயே கண்டுபிடிக்கின்றவர். ஆனால் அந்தப் பிரிவின் வேலையைப் பார்த்து அதற்குப் போகின்றவர் எத்தனை பேர், அந்தஸ்தைப் பார்த்துப் போகின்றவர் எத்தனை பேர் என்பதே நமது கேள்வி.

இனி, சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். கடைசிப் பரீட்சை தேறிய பிறகு ஒரு வருஷம் எல்லாப் பிரிவுகளிலும் சுற்றிச் சுற்றி வேலை கற்றால்தான் டாக்டர் என்று பதிவு செய்துகொள்ள முடியும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, அதில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம்; பொது மருத்துவத்துக்கு 6 வாரம்; அறுவைக்கு 6 வாரம்; பிரசவம், குடும்ப நலத்துக்கு 7 வாரம்; குழந்தைகளுக்கு 3 வாரம்; மனநோய்க்கு 2 வாரம்; அவசர சிகிச்சைக்கு 2 வாரம்; விஷ வைத்தியமும் சேர்ந்த தடயவியலுக்கு 1 வாரம். இதல்லாமல், மாணாக்கர் தாமே ஒரு துறையைத் தெரிந்தெடுத்துக் கற்க வேண்டும் என்று 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் விருப்பப் பாடங்களை ஏற்படுத்திற்று. ஒன்று ஆய்வுக்கூடத்திலும், மற்றொன்று நோயாளிகள் இடத்திலும் இருக்கலாம். கிராமத்துச் சிகிச்சை நிலையத்தைக்கூட எடுக்கலாம். ஏற்பாடு மோசமில்லை. சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கின்றது.

ஆனால் நடப்பது என்ன? சமூக மருத்துவத்துக்கு ஒதுக்கிய 12 வாரத்தை, மேல்படிப்புப் பரீட்சைக்கு உருப்போடுகின்ற லீவு என்று பல பிள்ளைகள் நினைக்கின்றார்கள். தடயவியல் வாரத்தைத் தூங்குகின்ற வாரம் என்கின்றார்கள். விருப்பப் பாடத்தை எடுப்பதற்கு, "எங்கே வருகைக் கணக்கு எடுக்கமாட்டார்கள்?" என்பதுதான் முதல் விசாரணையாய் இருக்கின்றது. பிள்ளைகளை மாத்திரம் நாம் கண்டிக்கவில்லை. சரியான விடைக்கு வட்டம் போடுகின்ற ஒரே ஒரு பரீட்சையில் வாழ்நாள் முழுவதையும் கட்டி வைத்துவிட்டு, வார்டில் வேலை கற்றதற்கு அதில் ஒரு மார்க்குக்கூட இல்லை என்று செய்தவர்களையே முதலில் கண்டிக்கின்றோம். பகுத்தறிவு உள்ள எவனும் எதற்குப் பலன் இருக்கின்றதோ அதைத்தான் செய்வான்.

அந்தப் பரீட்சையின் யோக்கியதைதான் என்ன? தகுதி, திறமை என்று சொல்லி நம் பிள்ளைகளை வாசலிலே நிறுத்துகின்றவர்கள், 2023 செப்டம்பரில், மேல்படிப்பு இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன என்று தெரிந்தவுடன், தகுதிக்கான அளவை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்யம் என்று ஆக்கினார்கள். பரீட்சை எழுதியவர் எவரானாலும் வரலாம் என்றார்கள். இடம் காலியாய் இருந்தால் பூஜ்யமும் தகுதி. மீனவன் மகள் கேட்டால் நூறும் போதாது என்பதுதானே இதன் அர்த்தம்?

இனி, அந்தக் கடற்கரைக்கு எப்படிப்பட்ட டாக்டர் வேண்டும் என்பதைப் பார்ப்போம். பொம்மையார்பாளையத்துக்கு ஆஸ்பத்திரிப் பஞ்சமில்லை. வடக்கே காலாப்பட்டில் ஒரு தனியார் வைத்தியக் கல்லூரி இருக்கின்றது. தெற்கே கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கின்றது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் துவக்கிய வைத்தியப் பள்ளியின் வழியில் வந்தது அது. முண்டியம்பாக்கத்தில் 2010-இல் துவங்கிய சர்க்கார் கல்லூரி இருக்கின்றது. இவ்வளவும் இருக்க, 2023 மே மாதத்தில் அதே கடற்கரையில், மரக்காணத்துக்குப் பக்கத்தில் இருக்கின்ற எக்கியார்குப்பத்தில், விஷச் சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். அடுத்த வருஷம், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் செத்தவர்கள் உழைக்கின்ற ஏழை மக்கள்.

அந்த விஷத்தின் பெயர் மெத்தனால். குடித்தவுடன் அது சாதாரணச் சாராயத்தைப் போலத்தான் இருக்கும். கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றது. அந்த அமிலந்தான் கண் நரம்பைக் கெடுத்து, மூச்சை முட்டவைத்து ஆளைக் கொல்லுகின்றது. இதற்குப் பல மணி நேரம் ஆகும்; ஒரு நாள்கூட ஆகலாம். ஆகவே முதலில் வருகின்ற ஆள் வாந்தி, வயிற்றுவலி என்றுதான் வருவான். கண்ணுக்கு முன்னால் பனி விழுந்தாற்போல் இருக்கின்றது என்பான். ராத்திரி இரண்டு மணிக்கு அவசர வார்டில் நிற்கின்ற பயிற்சி டாக்டர், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டவுடன் "இது மெத்தனால்" என்று நினைக்க வேண்டும். நினைத்தால், விஷம் அமிலமாய் மாறுவதை மருந்து கொடுத்துத் தடுக்கலாம்; அமிலத்தைக் குறைக்கலாம்; டயாலிசிஸ் செய்து ரத்தத்தைச் சுத்தப்படுத்தலாம். அதைவிட முக்கியம், அந்த ஊருக்கு உடனே ஆள் அனுப்பி, இன்னும் குடிக்காதவனைத் தடுக்கலாம். குடித்துவிட்டு நன்றாய் இருப்பதாய் நினைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பவனைத் தூக்கி வரலாம். நினைக்காவிட்டால், வயிற்றுவலி மாத்திரையோடு அவன் வீட்டுக்குப் போவான். மறுநாள் பிணமாய் வருவான்.

இந்த வேலையில் அவசர வைத்தியம் இருக்கின்றது. விஷ வைத்தியம் இருக்கின்றது. தெருவுக்குப் போகின்ற சமூக மருத்துவம் இருக்கின்றது. நாம் தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கிய பிரிவுகள் அல்லவா இவை? தூங்கிக் கழித்த அந்த ஒரு வாரத்துக்கு எத்தனை உயிர் விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தெருவுக்குப் போவது டாக்டருக்குக் குறைவு என்று நினைக்கின்றவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்லுகின்றோம். லண்டனில் ஜான் ஸ்னோ என்று ஒரு டாக்டர் இருந்தார். மயக்க மருந்து கொடுப்பதில் கெட்டிக்காரர். 1853-இல் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்கே மயக்க மருந்து கொடுத்தவர். அவர் மறுவருஷம் காலரா வந்தபோது, ராணியின் டாக்டராயிற்றே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஏழைகள் தெருவில் வீடு வீடாய்ப் போய், யார் செத்தார்கள், எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று எண்ணினார். எண்ணியதனால் ஒரு குழாயைக் காட்டினார். காலரா கெட்ட காற்றினால் வருகின்றது என்று பெரிய டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அது தண்ணீரினால் பரவுகின்றது என்று காட்டியவர் தெருவுக்குப் போன டாக்டர்தான்.

மற்றொரு உதாரணம் நம் சென்னையிலேயே இருக்கின்றது. காசநோய்க்காரனை மலைமேல் சானடோரியத்தில் வைத்து, நல்ல காற்றும், நல்ல சாப்பாடும், ஓய்வும் கொடுத்தால்தான் பிழைப்பான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 1956-இல் சென்னையில் துவங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும், மற்றொரு பாதியை அவர்கள் இருந்த நெருக்கடியான வீட்டிலுமே வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தன. வீட்டில் இருந்தவர்களோடு ஒரே கூரையில் வாழ்ந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாய்த் தொற்றிவிடவில்லை. 1959-இல் இது வெளிவந்த பிறகு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் மாறிற்று. ஏழை ஜனங்களின் வீட்டுப் படியேறிய டாக்டர்களும் நர்சுகளும் செய்த காரியம் இது. எந்தக் கிரகம் இதைச் செய்தது என்று ஜோசியர் சொல்லட்டும்.

இனி, பெண் என்கின்ற விஷயம். "கத்தி பிடிக்கின்ற வேலை பெண்ணுக்கு ஆகாது" என்று ஜோசியர் மாத்திரம் சொல்லவில்லை. சில படித்த பெரியவர்களும் சொல்லுகின்றார்கள். பெண்ணென்றால் பிரசவம் அல்லது தோல் என்று அவர்களே பிரித்து வைத்துவிடுகின்றார்கள். சென்னை வைத்தியக் கல்லூரி 1875-இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. புதுக்கோட்டையில், தேவதாசி என்று இழிவுபடுத்தப்பட்ட குலத்துத் தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், அந்தக் கல்லூரியில் படித்து 1912-இல் டாக்டர் ஆனார். அவர் எந்த ஜாதகத்தைப் பார்த்துக்கொண்டு போயிருந்தாலும் பொட்டுக்கட்டு ஒழிந்திருக்குமா, அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்திருக்குமா?

இன்னொரு ஆட்சேபணையும் இருக்கின்றது. அது நியாயமான ஆட்சேபணை. "பணக்காரன் பிள்ளை ஸ்கேன் பிரிவுக்குப் போகலாம்; மீனவன் மகள் மாத்திரம் கிராமத்துக்குப் போய்த் தியாகம் செய்ய வேண்டுமா?" என்று அந்தப் பெண்ணே நம்மைக் கேட்டார். கேட்டதற்காக அவரைப் பாராட்டினோம். தியாகம் செய்யச் சொல்லுவது புரோகிதன் வேலை, நம் வேலையல்ல. கடனிலே படகு ஓட்டுகின்ற தகப்பனார் இருக்கின்ற பெண், வரும்படியைப் பற்றி நினைக்கக்கூடாது என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் கிராமத்துக்குப் போனால் வாழ்வு முடிந்தது என்று சொல்லுவது பொய். சர்க்கார் வேலையில் இருக்கின்ற டாக்டர்களுக்கு மேல்படிப்பில் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் வெகு காலமாய் இருந்துவந்தது. நடுவே அதைத் தட்டிப் பறித்தார்கள். 2020 ஆகஸ்டு 31-இல் சுப்ரீம் கோர்ட்டு, அப்படி ஒதுக்குவதற்கு மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்து வாசல் மேல்படிப்புக்கும் ஒரு வாசல்தான்.

அந்தப் பெண் உட்காருகின்ற பெஞ்சு எப்படிக் கிடைத்தது என்பதையும் மறக்கக்கூடாது. 1928 முதல் வகுப்புரிமை நடைமுறைக்கு வந்தது. 1950-இல் ஐகோர்ட்டிலும், 1951-இல் சுப்ரீம் கோர்ட்டிலும் அது செல்லாது என்று ஆக்கப்பட்டது. அந்த வழக்கைப் போட்டவர்களில் ஒருவர் வைத்தியக் கல்லூரியில் இடம் கேட்டு மனுவே போட்டிராதவர்! மக்கள் கிளர்ச்சி செய்து, அந்த 1951-லேயே அரசியல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். பிறகு நுழைவுத் தேர்வை ஒழித்தோம். 2017-இல் அது வேறு பெயரில் நம் தலைமேல் வந்து உட்கார்ந்தது. 2020-இல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் என்று சட்டம் வந்தது. இவ்வளவு பேர் கத்திக் கிளறி வாங்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை ஜோசியனிடத்திலோ, பட்டணத்துச் சொந்தக்காரரிடத்திலோ விட்டுவிடுவது, சம்பாதித்த சுயமரியாதையை அடகு வைப்பதேயாகும்.

அப்படியானால் எப்படித்தான் தெரிந்தெடுப்பது? நாம் டாக்டர் அல்ல. பள்ளிக்கூடத்திலும் அதிகம் படித்தவரல்ல. ஆனால் புத்தியைக் கொண்டு சொல்லக்கூடியது இது. போன வருஷம் உங்கள் தெருவில் யார் யாருக்கு என்ன நோய் வந்தது, யார் செத்தார்கள், எந்த வயதில், எதனால் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஜாதகக் கட்டத்தைவிட அந்தக் காகிதம் அதிகம் சொல்லும். ஒரு பிரிவுக்குப் போகுமுன் அதன் வரும்படியைக் கேட்காதீர்கள். அங்கே ராத்திரி வேலை செய்கின்ற நர்ஸ் அம்மாளிடம் அந்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். எந்த வார்டைக் கண்டால் பயமாய் இருக்கின்றதோ அந்த வார்டையே ஒரு விருப்பப் பாடமாய் எடுங்கள். பின்னால் நீங்கள் தனியாய் நிற்கின்ற இடத்தில் அந்த நோயாளிதான் முதலில் வருவான். போகாத வார்டுக்குப் போனதாய்க் கையெழுத்துப் போடாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகு ஸ்கேன் பிரிவுதான் பிடிக்கின்றது என்றால் தாராளமாய்ப் போங்கள். நாமே வந்து மாலை போடுகின்றோம்.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, "அம்மா, உனக்கு என்ன தோன்றுகின்றது?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டோம். எக்கியார்குப்பத்தில் செத்தவர்களில் தமக்குத் தெரிந்த குடும்பத்து மனிதர் ஒருவரும் உண்டு என்றும், அவசர வார்டைப் பார்த்தால் தமக்குப் பயமாய்த்தான் இருக்கின்றது என்றும், அதையே எடுக்கப்போவதாகவும் சொன்னார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கடுதாசியைக் கிழித்துப் போடவும் இல்லை. பழையபடி நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் போகும்போது மகளைப் பார்த்து, "அந்த வார்டுக்கு ராத்திரியில போவணுமே, பஸ்சு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அந்தக் கேள்வி நமக்குப் போதும். செவ்வாயைப் பற்றிய கேள்வி போய், பஸ்ஸைப் பற்றிய கேள்வி வந்துவிட்டது. பஸ் இல்லையென்றால் சர்க்காரைக் கேட்கலாம், கேட்டு வாங்கலாம். செவ்வாயை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. கடைசி வருஷத்தில் இருக்கின்ற மாணாக்கத் தோழர்களும், அவர்களைப் பெற்றவர்களும் இதை நிதானமாய் யோசித்துப் பார்த்து, தங்கள் புத்திக்குச் சரியென்று பட்டபடி நடந்துகொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.